அறுகோடு: மான் கொம்பு குறித்த தமிழ், ஜேர்மன் சொற்கள்

ஜேர்மன் மொழி பேசுவோர் விலங்கின் தலையில் முளைப்பதை இரண்டு சொற்களால் பிரித்து வழங்குகின்றனர். ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைக்கும் மானின் கொம்பு ‘கெவை’ எனப்படும். மாடு, ஆடு முதலியவற்றின் உதிராத கொம்பு ‘ஹோர்ன்’ எனப்படும். ஆங்கிலமும் ‘ஆண்ட்லர்’, ‘ஹார்ன்’ என இவற்றைப் பிரிக்கும். இன்றைய தமிழில் இரண்டும் கொம்பே. இது சிறு குறை என்று கடந்துபோகலாம். ஆயினும், ஜேர்மனியில் வார இறுதிகளில் நடைபெறும் தமிழ்ப் பள்ளிகளுக்கு வரும் பிள்ளைகள் இவ்விரு ஜேர்மன் சொற்களையும் அறிந்தே வருகின்றனர். ‘கெவை’ என்பதற்குத் தமிழ் என்ன என்று கேட்டால் கொம்பு என்றும், ‘ஹோர்ன்’ என்பதற்குத் தமிழ் என்ன என்று கேட்டால் அதுவும் கொம்பு என்றும் விடை பெறுகின்றனர். தமிழ் இதில் வறியது என்னும் எண்ணம் அந்த வகுப்பறையிலேயே விழுந்துவிடுகிறது.

வறுமை மொழியினதா, மொழியை வழங்கும் நம்முடையதா என்பதே இக்கட்டுரையின் வினா. சங்கப் பாடல்களில் மானுக்கு வழங்கும் அடைமொழிகளுள் ஒன்றாகிய ‘அறுகோடு’ என்பதை உயிரியல் நோக்கிலும், ஜேர்மானிய வேட்டை மரபின் சொற்களோடு ஒப்பிட்டும் ஆராய்வதன்வழி இவ்வினாவுக்கு விடை காண முயல்கிறேன்.

இருவகைக் கொம்புகள்

சொல்லாராய்ச்சிக்கு முன் பொருளைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மாடு, ஆடு, இரலை ஆகியவற்றின் கொம்பு இரண்டு அடுக்கு உடையது. உள்ளே மண்டையோட்டிலிருந்து எழும் எலும்பு. அதன்மேல் நகத்திற்கும் குளம்பிற்கும் உரிய கெரட்டின் என்னும் பொருளாலான உறை. இது கிளைப்பதில்லை, உதிர்வதில்லை. விலங்கின் வாழ்நாள் முழுதும் அடிப்புறத்திலிருந்து வளர்ந்துகொண்டே இருக்கும். வட அமெரிக்காவின் பிராங்ஹார்ன் என்னும் விலங்கு ஒன்றுதான் இவ்விதிக்குப் புறம்பாகக் கவைத்த உறையை ஆண்டுதோறும் கழற்றுகிறது.

மான் குடும்பத்தின் கொம்போ முழுதும் எலும்பு. நெற்றியெலும்பில் உள்ள இரு சிறு தண்டுகளின்மேல் அது முளைக்கிறது. முளைக்கும் காலத்தில் மெல்லிய மயிரடர்ந்த தோல் அதனைப் போர்த்தியிருக்கும். அத்தோலின் குருதிக்குழாய்கள் வழியே வளர்ச்சிக்கு வேண்டியவை செல்கின்றன. ஐரோப்பியச் செம்மானின் கொம்பு நான்கைந்து மாதங்களில் முழு வளர்ச்சி பெறும். அவ்வளவு எலும்பை அவ்வளவு விரைவில் ஆக்குவதற்கு உணவு மட்டும் போதாமையால் விலங்கு தன் விலா எலும்பு முதலியவற்றிலிருந்தே சுண்ணாம்புச்சத்தைக் கடன் வாங்குகிறது. ஆண் சுரப்புநீர் மிகும்போது கொம்பு இறுகி, தோல் காய்ந்து, மான் அதனை மரங்களில் உரசிக் கழற்றுகிறது. அதன்பின் தலைமேல் இருப்பது உயிரற்ற எலும்பு. இணைசேர் காலம் கழிந்து சுரப்புநீர் குறையும்போது தண்டும் கொம்பும் சேருமிடத்தில் எலும்பு அரிக்கப்பட்டு, ஒருநாள் கொம்பு தன் எடையாலேயே கீழே விழுகிறது. சில நாள்களில் அவ்விடத்தில் அடுத்த கொம்பு அரும்பத் தொடங்கும். பாலூட்டிகளுள் இத்தனை பெரிய உறுப்பு ஆண்டுதோறும் முழுமையாக இழக்கப்பட்டு முழுமையாக மீள்வதற்கு நிகரான சான்று வேறில்லை. காயடிக்கப்பட்ட மானின் கொம்பு உதிர்வதில்லை என்பதை அரிஸ்டாட்டிலே குறித்திருக்கிறார்.

இச்சுழற்சிக்குக் காலம் சொல்லும் கடிகாரம் பகலின் நீளம். அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் காஸ், சிகா மான்களைச் செயற்கை ஒளியில் வளர்த்து, பகல் நீளத்தின் ஏற்ற இறக்கத்தை விரைவுபடுத்தியபோது அவை ஓராண்டிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட முறை கொம்பு மாற்றின. பகலும் இரவும் எப்போதும் பன்னிரண்டு மணிநேரமாகவே நிறுத்தப்பட்டபோது கொம்பு மாற்றுவதே தடைப்பட்டது. பகல் நீளம் பெரிதும் மாறாத தமிழகக் காடுகளில் மான்கள் என்ன செய்கின்றன என்னும் வினா இங்கு எழும். புள்ளிமான் அங்கே பொதுப் பருவம் ஒன்றுக்குக் கட்டுப்படுவதில்லை. ஒவ்வோர் ஆணும் தனக்குரிய ஆண்டுச் சுழற்சியில் இயங்குகிறது. ஆகவே ஒரே மந்தையில் இறுகிய கொம்புடையதும், தோல் போர்த்த கொம்புடையதும், கொம்பு உதிர்ந்து மொட்டையாய் நிற்பதும் ஒருங்கே காணப்படும். இச்செய்தி பின்னர்ப் பயன்படும்.

வேட்டைக்காரர் மொழியில் ஒரு மரம்

ஜேர்மனியின் காடுகளில் இயல்பாக வாழும் மான்கள் மிகுதியும் இரண்டு: பெரிய செம்மான், சிறிய ‘ரே’. அவற்றுடன் புறத்திலிருந்து கொண்டுவரப்பட்டு நிலைபெற்ற டாம்மானும் சிகா மானும் உண்டு. டாம்மானைக் கோடையில் முதன்முதலாகக் காணும் தமிழர் புள்ளிமான் என்றே எண்ணுவர். தலையை நிமிர்த்தும்போதுதான் அதன் கொம்பின் மேற்பகுதி அகன்ற கைத்தலம்போல் விரிந்திருப்பது தெரியும்.

இம்மான்களின் கொம்பை விளக்கும் ஜேர்மானிய வேட்டைச் சொற்கள் தனித்துக் கற்கத் தக்கவை. ‘கெவை’ என்பதன் வேர்ப்பொருளே கிளைத்தொகுதி என்று அம்மொழியின் சொற்பிறப்பு நூல்கள் கூறுகின்றன. கொம்பு முளைக்கும் எலும்புத் தண்டின் பெயர் ‘ரோசன்ஸ்டொக்’, அதாவது ரோசாச்செடி. தண்டின்மேல் வளையமாக முண்டு முண்டாய் நிற்கும் அடிப்பகுதி ‘ரோச’. கொம்பைப் போர்த்த தோலின் பெயர் ‘பாஸ்ட்’. அது மரப்பட்டையின் உட்புற நாருக்கு வழங்கும் சொல். நீண்ட தண்டு ‘ஷ்டாங்கே’, அதாவது கழி. நுனியில் பல முனைகள் கூடினால் அது ‘க்ரோன’. அரசனின் முடிக்கும் மரத்தின் தலைக்கும் ஒருசேர வழங்கும் பெயர். ஒரு மரத்தையே வேட்டைக்காரர் மானின் தலையில் நட்டு வைத்திருக்கின்றனர்.

தமிழர் இதைக் கண்டு வியக்க வேண்டியதில்லை. கொம்பு என்பது நமக்கும் மரக்கிளையே. கோடு என்பதும் அவ்வாறே. வேறுபாடு எங்கே என்றால், ஜேர்மானியர் கிளை என்னும் சொல்லை உண்மையிலேயே கிளைக்கும் கொம்புக்கு மட்டும் ஒதுக்கினர். நாமோ கிளைக்காத எருமைக் கொம்புக்கும், யானையின் தந்தத்திற்கும், மானின் கொம்புக்கும் அதனை வேறுபாடின்றி வழங்கினோம். மருப்பு என்னும் சொல்லும் இப்படியே யானை முதல் ஆடு வரை பரந்து நின்றது. எனவே பெயர்ச்சொல்லில் பிரிவைத் தேடுவோர் பழந்தமிழிலும் வெறுங்கையோடு திரும்புவர். பிரிவு இருப்பது அடைமொழியில்.

அதற்குச் செல்லுமுன் எண்ணும் மரபு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜேர்மானிய வேட்டைக்காரர் மானைக் கொம்பின் முனைகளால் எண்ணிப் பெயரிடுவர். முனை மிகுந்த பக்கத்தை எண்ணி இரட்டிப்பர். ஒரு பக்கம் மூன்று முனையாயின் ‘ஸெக்ஸர்’, அறுமுனையன். ஆறாயின் ‘ட்ஸ்வோல்ஃபெண்டர்’, பன்னிரு முனையன். இரு பக்கமும் ஒவ்வாதிருந்தால் ‘ஒற்றைப்பட்ட’ என்னும் அடை சேரும். தோல்வாரைத் தொங்கவிட இடங்கொடுக்கும் எதுவும் முனையாகும் என்பது பழைய அளவுகோல். ட்ரெஸ்டன் நகருக்கு அருகிலுள்ள மோரிட்ஸ்பூர்க் அரண்மனையில் இவ்வெண்ணிக்கைப் பித்தின் உச்சியைக் காணலாம். 1696ஆம் ஆண்டு பிராண்டன்பூர்க் தேர்வுரிமைக் கோமகன் மூன்றாம் ஃபிரெடெரிக் வீழ்த்திய செம்மானின் கொம்பு அங்கே 66 முனையனாகக் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. உண்மையில் அது அழகற்ற, முனைகள் சிதறிய ஒரு பிறழ்வு வளர்ச்சி. அதே அரண்மனையில் உள்ள, ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள 24 முனையனே கண்ணுக்கு விருந்து.

இம்மரபில் நமக்கு வேண்டுவது ‘ரே’ மானைப் பற்றிய வழக்கு. முதிர்ந்த ஆண் ‘ரே’யின் ஒவ்வொரு கொம்பிலும் இயல்பாக மூன்று முனைகளே உண்டு. ஆகவே ‘ஸெக்ஸர்’ என்பது அம்மானுக்குச் சிறப்புப் பெயரன்று. முழு வளர்ச்சி பெற்ற ஆண் என்பதற்கே மறுபெயர்.

பெயர்க் குழப்பம் பொதுச்சொத்து

ஜேர்மன் மொழி துல்லியமானது, தமிழ் அவ்வாறன்று என்று முடிவுகட்டுவோருக்கு ஒரு சொல். ‘ரே’ மானின் கொம்பு உயிரியலில் ஐயத்திற்கிடமின்றிக் ‘கெவை’. ஆனால் வேட்டைக்காரர் அதனைக் ‘கெஹோர்ன்’ என்றே நெடுங்காலமாக அழைத்து வருகின்றனர். மான் கொம்பால் செய்த கத்திப்பிடியும் பவேரிய மேற்சட்டையின் பொத்தானும் சந்தையில் ‘ஹிர்ஷ்ஹோர்ன்’ எனப்படும். முன்பு மான் கொம்பைக் காய்ச்சி எடுக்கப்பட்ட ரொட்டி உப்பு இன்று வேதிப்பொருளாகக் கடையில் கிடைத்தாலும் ‘ஹிர்ஷ்ஹோர்ன்சால்ட்ஸ்’ என்னும் பெயரை விடவில்லை. நூலகத்தில் பிரிந்து நின்ற சொற்கள் அடுக்களையில் ஒன்றாகிவிடுகின்றன.

இதனினும் சுவையானது விலங்கின் பெயர். பெரிய மான் ‘ஹிர்ஷ்’, சிறிய மான் ‘ரே’. இவை இரு வேறு இனங்கள். ஆனால் ‘ரே’ என்பது ‘ஹிர்ஷ்’ஷின் மனைவி என்று நம்பும் ஜேர்மானியர் இன்றும் மிகப் பலர். ஃபெலிக்ஸ் சால்டன் 1923இல் பெர்லினிலிருந்து வெளியிட்ட ‘பாம்பி’ நாவலின் தலைமகன் ஒரு ‘ரே’ குட்டி. 1942இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் அதனைப் படமாக்கியபோது அமெரிக்க வெண்வால் மானாக மாற்றிவிட்டது. அப்படத்தைக் கண்டு வளர்ந்த ஐரோப்பியப் பிள்ளைகளுக்குச் சிறிய ‘ரே’ வளர்ந்து பெரிய ‘ஹிர்ஷ்’ ஆகும் என்பதில் ஐயமே இல்லாமல் போயிற்று.

இன வேறுபாட்டை ஆண் பெண் வேறுபாடாகக் கொண்டது அவர்கள் பிழை. நாம் செய்தது அதன் மறுதலை. ஆண் பெயரை இனப்பெயராக்கினோம். தொல்காப்பிய மரபியலின்படி இரலை, கலை என்பன புல்வாய் என்னும் விலங்கின் ஆணுக்குரிய பெயர்கள். கலை என்பது உழைமானின் ஆணுக்கும் உரியது. முசு என்னும் குரங்கின் ஆணுக்கும் உரியது. புல்வாய், நவ்வி, உழை, கவரி ஆகியவற்றின் பெண் பிணை எனப்படும். இப்பாகுபாடு மங்கிய பின் இரலை ஓர் இனத்தின் பெயராயிற்று. கலைமான் என்பதோ இன்று செய்தித்தாளில் ஒரு விலங்கு, காட்டுத்துறைப் பலகையில் இன்னொன்று, கிறிஸ்துமஸ் கதையில் வண்டியிழுக்கும் துருவமான். துருவமானில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு. வளர்ந்த ஆண்கள் பெரும்பாலும் குளிர்காலத் தொடக்கத்திலேயே கொம்பை உதிர்த்துவிட, பெண்கள் ஈனும் இளவேனில் வரை அதனைத் தாங்கி நிற்கும். மார்கழியில் கொம்போடு வரும் அவ்விலங்குகளைக் கலை என்பதைவிடப் பிணை என்பதே பொருந்தும்.

தமிழ்ப் பெயர்கள் உயிரியல் குடும்பங்களைப் பின்பற்றுவதில்லை என்பதையும் கருத வேண்டும். புல்வாய் மாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. நாம் அதனை வெளிமான் என்கிறோம். நான்கு கொம்புடைய நாற்கொம்பு மானும் அக்குடும்பமே. சருகுமான் மானே அன்று. அதற்குக் கொம்பும் இல்லை, மேற்பல்லே கோரைப்பல்லாய் நீண்டிருக்கும். மாறாக, உண்மையான மானாகிய, சிறு உதிர்கொம்பு தாங்கிய கேளையை நாம் கேளையாடு என்று ஆடாக்கிவிட்டோம். கடமானுக்குத் தென்தமிழகத்தில் மிளா என்று பெயர். ஈழத்தில், குறிப்பாக வன்னியில், அதுவே மரை. வன்னியில் மரை என்னும் சொல்லைக் கேட்டு வளர்ந்த எவரும், சங்கப் பாடலின் மரையைக் காட்டுப்பசு என்று உரை சொல்வோரிடம் சற்றே தயங்கி நிற்பர். இலக்கியத்தின் மரை எவ்விலங்கு என்பதில் எனக்கு முடிந்த முடிபு இல்லை; ஆனால் உயிர்வழக்கைக் கேளாமல் அதனைத் தீர்க்கக் கூடாது.

இவ்விலங்குகளின் அறிவியற் பெயர்களுள் பல ஜேர்மானியர் இட்டவை. பெர்லினில் பிறந்த பீட்டர் சைமன் பல்லாஸ், லின்னேயஸ் ஆட்டினத்தில் வைத்திருந்த வெளிமானுக்கு இடம் தரும் ‘ஆன்டிலோப்’ என்னும் பேரினத்தை 1766இல் வகுத்தார். வெளிமானுக்கு லின்னேயஸ் 1758இல் இட்ட ‘செர்விகாப்ரா’ என்னும் சிறப்புப் பெயருக்கு மானாடு என்பது பொருள். தயக்கம் தமிழனுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு அதுவே சான்று. கேளையை 1780இல் விவரித்தவர் பிரவுன்ஷ்வைக் நகரப் பேராசிரியர் சிம்மர்மன். புள்ளிமானை ‘ஆக்சிஸ்’ என்றும் இலங்கைச் சருகுமானை ‘மெமின்னா’ என்றும் 1777இல் பெயரிட்டவர் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தின் யோஹான் கிறிஸ்டியன் பொலிகார்ப் எர்க்ஸ்லேபன். இவருடைய தாய் டொரொதேயா எர்க்ஸ்லேபன் 1754இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் மருத்துவ முனைவர் பட்டம் பெற்றவர். ஜேர்மனியில் அப்பட்டம் பெற்ற முதற்பெண்மணி. தரங்கம்பாடி மிஷனை நடத்திய அதே ஹாலேதான். ஆயினும் தமிழ்ப்பெயர் எதுவும் இந்நூல்களை எட்டவில்லை. ‘மெமின்னா’ சிங்களத்திலிருந்து சென்றது. ‘ஆக்சிஸ்’ பிளினியின் இலத்தீன் நூலிலிருந்து வந்தது.

அறுகோடு

இனி அடைமொழிக்கு வருவோம். சங்கப் பாடல்களில் இரலையின் மருப்பைப் புலவர் திரிந்தது, அதாவது முறுக்குண்டது, என்று திரும்பத் திரும்பக் குறிக்கின்றனர். வெளிமானின் ஆணைக் கோடியக்கரையிலோ வல்லநாட்டிலோ கண்டவர் இதனைவிடப் பொருத்தமான சொல் இல்லை என்பர். உதிர்வதைப் பற்றிய குறிப்பு அங்கே இல்லை, இருக்கவும் முடியாது. உழைமானுக்கும் புள்ளியுடைய கலைக்கும் வரும் அடைமொழி வேறு. நற்றிணை 265ஆம் பாடலில் பரணர், மேய்ச்சல் முடித்துச் சேற்றிலாடிய முதிய புள்ளிக்கலை ஒன்றனைக் காட்டி, அதனை அறுகோடு உடையது என்கிறார். அகநானூறு 147ஆம் பாடலில் ஔவையார், குட்டி ஈன்ற பெண்புலி பசித்திருக்க, ஆண்புலி உழைமானின் ஆண்குரலைச் செவிகொடுத்துக் கேட்பதைக் காட்டுகிறார். அந்த உழைமானுக்கும் அறுகோடு என்பதே அடை.

இத்தொடரை உதிர்ந்த கொம்பு என்று இறந்தகாலத்தில் கொள்வது எளிய வழி. ஆனால் அறுகோடு வினைத்தொகை. அற்ற கோடு, அறுகின்ற கோடு, அறும் கோடு என முக்காலமும் அதனுள் கரந்து நிற்கும். ஊறுகாய் என்பது ஊறி முடிந்ததை மட்டுமோ ஊறப்போவதை மட்டுமோ குறிப்பதன்று. ஊறும் இயல்பே அதன் பெயர். அவ்வாறே அறுகோடு என்பதும் அறும் இயல்புடைய கோடு ஆகலாம். அங்ஙனமாயின் ‘கெவை’ என்பதற்கு நேரான தமிழ் நம்மிடம் ஈராயிரம் ஆண்டுகளாக இருந்திருக்கிறது. ஜேர்மன் சொல் கிளைத்தலை மட்டுமே சொல்ல, தமிழ்ச்சொல் உதிர்தல் என்னும் உயிரியல் உண்மையையே சொல்லியிருக்கிறது.

இறந்தகாலப் பொருளுக்கு எதிராகப் பாடல்களின் உள்ளேயே தடை உண்டு. கொம்பு உதிர்ந்த காலத்தில் ஆண்மான் சுரப்புநீர் குன்றி அடங்கியிருக்கும். இணைசேர் காலத்தின் உரத்த அழைப்பு இறுகிய கொம்பு தாங்கிய ஆணுக்குரியது. ஔவையாரின் புலி கேட்பது அக்குரலாயின் அம்மானுக்கு அப்போது கொம்பு இருந்தாக வேண்டும். ஆபத்தை அறிவிக்கும் குரலாகவும் இருக்கலாமே எனின், புலி மறைந்திருக்கும் நிலைக்கு அது அவ்வளவாக ஒவ்வாது. ஆயினும் முற்றாக மறுக்க இயலாது. சேற்றில் புரளுதலும் செம்மானிடமும் கடமானிடமும் இணைசேர் காலத்து ஆண்களுக்கே மிகுதியாக உரிய செயல். ஒரே மந்தையில் கொம்புள்ளதும் அற்றதும் எக்காலத்தும் விரவி நிற்பதால், மொட்டைத்தலை தமிழகக் காட்டில் எந்தப் பருவத்திற்கும் அடையாளம் ஆகாது என்பதையும் இங்குக் கூட்டிக்கொள்ளலாம். புலவர் பருவம் சுட்ட அதனைப் பயன்படுத்தவில்லை.

இன்னொரு பொருளும் உண்டு. ஜேர்மனியில் நெடுங்காலம் வாழ்ந்த ஒருவருக்குத்தான் அது எளிதில் தோன்றும் போலும். அறு என்பது ஆறு என்னும் எண்ணின் குறுக்கமும் ஆகும். அறுகால், அறுகோணம் என்பன போல. புணர்ச்சி விதி நமக்கு இங்கு உதவாது. எண்ணாயினும் வினைத்தொகையாயினும் ககரம் மிகாது. புள்ளிமான், கடமான் இரண்டின் கொம்பிலும் பக்கத்துக்கு மூன்று முனைகளே இயல்பு, ஆக ஆறு. முனைகளை எண்ணிக் கொம்பு என்று சொல்லும் வழக்கு இந்திய மண்ணுக்கும் புதிதன்று. வடநாட்டுச் சதுப்புமானின் பெயராகிய பாரசிங்கா என்பதற்குப் பன்னிரு கொம்பு என்பதே பொருள். ஜேர்மானியரின் பன்னிரு முனையனுக்கு எழுத்துக்கு எழுத்து நிகர். நற்றிணையில் அறுகோடு என்பதை அடுத்து முதிர்ச்சி கூறப்படுவதும் இப்பொருளுக்கு வலிமை தரும். முதிர்ந்த ‘ரே’யை ‘ஸெக்ஸர்’ என்பது போல, முழு வளர்ச்சி பெற்ற கலையைப் பரணர் அறுகோட்டது என்றார் எனலாம்.

இவ்விரண்டனுள் என் மனம் வினைத்தொகையின் பக்கமே சாய்கிறது. முனைக்கு எண் கொடுத்து மானைத் தரம் பிரிப்பது, கொம்பைச் சுவரில் மாட்டும் வேட்டை மரபின் தேவை. பாலையிலும் குறிஞ்சியிலும் மானைக் காட்டும் புலவருக்கு அத்தேவை இல்லை. காட்டுவழி செல்வோர் காலில் இடறுவது உதிர்ந்து கிடக்கும் கொம்பு. அவர்கள் கண்ட வியப்பு எண்ணில் அன்று, உதிர்வதில். எண்ணுப்பொருளைத் தள்ளிவிடும் சான்று என்னிடம் இல்லை. அறுகோடு என்னும் தொடர் உதிராத கொம்புடைய விலங்கு எதற்கேனும் ஐயமின்றி வழங்கியுள்ளதா என்பதைச் சொல்லடைவுகளின் துணையோடு தேடுவோர் இதனை மேலும் தெளிவுபடுத்த முடியும்.

கலைச்சொல்லாக

உதிராக் கொம்பும் உதிரும் கொம்பும் சட்டத்திலும் பிரிந்து நிற்கின்றன. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விலங்கின் உறுப்புகளைப் பட்டியலிடும்போது ‘ஆண்ட்லர்’ என்றும் ‘ஹார்ன்’ என்றும் தனித்தனியே சொல்கிறது. இதனைத் தமிழில் சொல்லப் புகுவோர் கொம்பு என்பதை இருமுறை எழுதவோ, ஒருமுறை எழுதி மற்றதை விழுங்கவோ நேர்கிறது. ஜேர்மனியின் கூட்டாட்சி வேட்டைச் சட்டம் உதிர்ந்து கிடக்கும் கொம்பை எடுக்கும் உரிமையையும் வேட்டையுரிமை உடையவருக்கே உரியதாக்கி, அதற்கென ‘ஆப்வூர்ஃப்ஷ்டாங்கே’ என்னும் சொல்லையும் வைத்திருக்கிறது. அங்கு நடைபயிலும் நம்மவர் காட்டில் கண்ட கொம்பை விளையாட்டாக வீட்டுக்கு எடுத்து வருவது சட்டப்படி குற்றம் என்பதை அறியார் பலர். இரு நாட்டிலும் சொல்லின் பின்னால் தண்டனை நிற்கிறது.

அறிவியல் எழுத்திலும் இதே நிலை. ஹில்டஸ்ஹைம் பல்கலைக்கழகத்தின் ஊவே கீர்டோர்ஃப் முதலியோர், ‘ரே’ மானின் கொம்பில் படியும் ஃபுளோரைடைக் கொண்டு சுற்றுச்சூழல் மாசைக் கணிக்கின்றனர். அது சில மாதங்களில் உருவாகி முடிந்துவிடும் எலும்பு ஆதலால் அந்த ஆண்டின் மாசை மட்டும் பதிவு செய்துகொள்கிறது. வேட்டைக்காரர் ஆண்டு குறித்துச் சேர்த்துவைத்த கொம்புகள் ஆவணக்களரி ஆகின்றன. மாட்டின் கொம்பைக் கொண்டு இதனை இவ்வாறே செய்ய முடியாது. கொம்பு என்னும் ஒற்றைச் சொல்லால் இவ்வாய்வைத் தமிழில் விளக்க முயல்வோர் முதற்பத்தியிலேயே சிக்கிக்கொள்வர்.

அறுகோடு என்பதையே பாடநூலில் இடலாம் என்பது முதலில் தோன்றும் கருத்து. அதற்குத் தடை இன்றைய தமிழிலேயே இருக்கிறது. கோடு என்றால் மாணவர் மனத்தில் எழுவது வரைகோடு. அறுகோடு என்றால் ஆறு கோடுகள். இலக்கியச் சொல்லை வலிந்து வகுப்பறைக்கு இழுத்து வருவதைவிட, அச்சொல் எவ்வாறு ஆக்கப்பட்டதோ அவ்வாறே உயிருள்ள சொற்களால் ஆக்குவது நன்று. உதிர்கொம்பு என்பது அத்தகையது. அதுவும் வினைத்தொகை, உதிர்ந்ததையும் உதிர்வதையும் உதிரப்போவதையும் தன்னுள் அடக்கும். இலையுதிர் மரம் என்று ஏற்கெனவே கற்ற பிள்ளைக்கு அது விளக்கமின்றியே விளங்கும். மரத்தையும் மானையும் ஜேர்மன் வேட்டைக்காரர் இணைத்த இடத்திலேயே தமிழ்ப் பிள்ளையும் இணைத்துக்கொள்ளும். மாடு, ஆடு, வெளிமான் ஆகியவற்றுக்குக் கொம்பு என்பதே போதும். பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் உதிராக்கொம்பு எனலாம்.

இவ்வேறுபாட்டை நேரில் கற்பிக்கச் சென்னைக் கிண்டித் தேசியப் பூங்காவை விடத் தகுந்த இடம் தமிழகத்தில் இல்லை. மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த அந்நிலப்பரப்பில் புள்ளிமானும் வெளிமானும் அருகருகே மேய்கின்றன. அதனை ஒட்டி, 1959இல் மேற்கு ஜேர்மனியின் துணையோடு நிறுவப்பட்ட இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகத்திலும் இரண்டும் உலவுகின்றன. ஒரே புதரின் நிழலில் நிற்கும் இரு ஆண்களுள் ஒன்றன் தலையில் உள்ளது சென்ற ஆண்டு இருந்த கொம்பே. மற்றதன் தலையில் உள்ளது புதியது. அங்குள்ள பெயர்ப்பலகைகளில் உதிர்கொம்பு என்னும் சொல்லை முதலில் எழுதிப் பார்க்கலாம்.